மேலிருந்து பார்த்தவர்: பேராசிரியர் பிஷாரடியின் கதை



கடந்த ஜனவரியில் நம் சங்கத்தின் சார்பில் செஞ்சிக்கு ஒருநாள் சுற்றுலா போய்வந்தோம். நீங்களும் வந்திருந்தால், டிக்கெட் கவுன்டர் அருகே காலையில் நடந்த சின்ன ரகளை நினைவிருக்கும். பி பிளாக் பையன் ஒருவன் பிறந்தநாளுக்குக் கிடைத்த டிரோனைப் பையில் போட்டு எடுத்து வந்துவிட்டான். கோட்டையை மேலிருந்து படம் பிடித்து நம் வாட்ஸ்அப் குழுவில் போடுவது அவன் திட்டம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம், முன் அனுமதி இல்லாமல் டிரோன் பறக்கவிடக் கூடாது என்று காவலர் சொன்னதும் அவன் முகம் சுருங்கிவிட்டது. அப்புறம் என்ன, எல்லோரும் காலால் நடந்துதான் ராஜகிரி ஏறினோம்.

வழியில் நான் எத்தனை முறை உட்கார்ந்தேன் என்று கேட்காதீர்கள். ஆனால் உச்சிக்குப் போனபின் ஒன்று புரிந்தது. கீழே நடக்கும்போது இது ஒரு சுவர், அது ஒரு குளம், அதோ ஒரு மண்டபம் என்று எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. மேலே நின்றதும் அவையெல்லாம் ஒன்றுசேர்ந்துவிட்டன. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் கோட்டைச் சுவர் முக்கோணமாக வளைத்துப் பிடித்திருப்பது அங்கிருந்துதான் தெரிகிறது. கல்யாண மகாலும் களஞ்சியமும் குளங்களும் ஏன் அந்தந்த இடத்தில் இருக்கின்றன என்பதும் அங்கிருந்துதான் புரிகிறது.

அந்தப் பையன் அங்கே ஒரு கேள்வி கேட்டான். இவ்வளவு உயரத்திலிருந்து, அல்லது ஒரு சின்ன விமானத்தில் போய்ப் படம் எடுத்தால், அழகாக இருப்பதைத் தவிர வேறு என்ன பயன்? மூச்சு வாங்கிக்கொண்டிருந்த எனக்கு அப்போது பதில் சொல்ல வரவில்லை. இந்தக் கட்டுரைதான் அந்தப் பதில். நம் நாட்டில் அந்தக் கேள்விக்கு முதலில் செயலால் விடை சொன்னவர்களில் முக்கியமானவர் ஒருவர் இருக்கிறார். இந்தியத் தொலையுணர்வின் தந்தை என்று அறிவியலாளர்கள் அவரைச் சொல்கிறார்கள். திருச்சியில் படித்தார், சென்னையில் பாடம் நடத்தினார். ஆனால் நம் தெருவில் பத்துப் பேரிடம் கேட்டால் ஒருவருக்குக்கூட அவர் பெயர் தெரியாது. பேராசிரியர் பி.ஆர். பிஷாரடி. முழுப்பெயர் பிஷாரத் ராம பிஷாரடி.

கொல்லங்கோட்டிலிருந்து நுங்கம்பாக்கம் வரை

1909 பிப்ரவரி 10 அன்று கொல்லங்கோட்டில் பிறந்தார். பொள்ளாச்சிப் பக்கம் சொந்தக்காரர்கள் உள்ளவர்களுக்கு இந்த ஊர் தெரிந்திருக்கும். பாலக்காடு மாவட்டத்தில், நெல்லியாம்பதி மலையடிவாரத்தில், வயலும் பனையும் தென்னையுமாக இருக்கும் ஊர். இன்று கேரளத்தில் இருக்கிறது. அன்று அது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம்.

பட்டப்படிப்புக்குத் திருச்சி புனித வளனார் கல்லூரிக்கு வந்தார். அங்கே இயற்பியல் ஆனர்ஸ் முடித்து, பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதுகலையும் முடித்தார். 1932 முதல் சுமார் ஒன்பது ஆண்டுகள் கல்லூரி விரிவுரையாளர் வேலை. நுங்கம்பாக்கத்தில் இருக்கிற நம் லயோலா கல்லூரிதான் அது. நீங்களோ உங்கள் பிள்ளைகளோ அங்கே படித்திருந்தால், அதே வளாகத்தில் ஒரு காலத்தில் இவர் இயற்பியல் நடத்தினார் என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

கோடை விடுமுறை வந்தால் மற்றவர்கள் ஊருக்குப் போவார்கள். இவர் பெங்களூருக்குப் போனார். இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்வதற்காக. வைரத்தின் மேல் எக்ஸ் கதிர் பட்டால் அது எப்படித் திரும்புகிறது என்பது அங்கே அவர் எடுத்துக்கொண்ட விஷயங்களில் ஒன்று. 1941-ல் அதைப் பற்றிக் கட்டுரையும் வெளியிட்டார். கண்ணுக்குத் தெரியாத ஒளியை ஒரு பொருளின் மேல் விழவைத்து, அது திரும்பும் விதத்தைக் கொண்டு பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் வேலை அது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டு கழித்து அவர் தென்னை மரத்திடம் செய்ததும் ஏறக்குறைய இதே வேலைதான்.

மேகங்களின் பக்கம்

1942-ல், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தார். விமானங்கள் பறப்பதற்கு வானிலை தெரிந்தாக வேண்டும். அதனால் அந்தத் துறை வேகமாக விரிவடைந்த காலம் அது. முப்பத்து மூன்று வயதில், பழகிய கல்லூரி வேலையை விட்டுவிட்டுப் புதுத் துறைக்குப் போவது சின்ன முடிவு அல்ல என்பது குடும்பம் நடத்தும் உங்களுக்குத் தெரியும்.

அங்கிருந்து மேற்படிப்புக்கு அமெரிக்கா சென்றார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு வழிகாட்டியவர் நார்வே நாட்டு ஜேக்கப் பியர்க்னெஸ். குளிர்ந்த காற்றும் வெப்பக் காற்றும் மோதும் இடத்தில் புயல் எப்படி உருவாகிறது என்பதை உலகுக்குச் சொன்னவர்களில் ஒருவர். இன்று நாம் செய்தியில் அடிக்கடி கேட்கும் எல் நினோவுக்கும் காற்றோட்டத்துக்கும் உள்ள தொடர்பை விளக்கியவரும் அவரே. அப்படிப்பட்டவரிடம் பயின்று 1954-ல் பிஷாரடி முனைவர் பட்டம் பெற்றார்.

திரும்பி வந்தபின் 1959-ல் மும்பையின் கொலாபா, அலிபாக் ஆய்வகங்களின் இயக்குநர் ஆனார். 1962-ல் புனேயில் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநர் அவர்தான். பருவமழை பற்றி இன்று நடக்கும் பெரிய ஆராய்ச்சிகளில் பல அந்த நிறுவனத்திலிருந்து வருகின்றன.

தென்மேற்குப் பருவமழைக்கான ஈரம் எங்கிருந்து வருகிறது என்பது அந்தக் காலத்தில் பெரிய விவாதம். பூமத்திய ரேகைக்குத் தெற்கிலிருந்து வரும் காற்றே அதைச் சுமந்து வருகிறது என்பது ஒரு கட்சி. அரபிக் கடலிலிருந்து ஆவியாகும் நீருக்கே இதில் பெரிய பங்கு உண்டு என்று கணக்குப் போட்டுக் காட்டினார் பிஷாரடி. எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு வந்தவர்கள் வேறு கணக்குகளைப் போட்டார்கள். ஆனால் மழையைப் பற்றிப் பேசுவதென்றால் அளந்து பேச வேண்டும் என்ற பழக்கத்தை அவர் கடைசிவரை விடவில்லை. அது நமக்கும் உதவப்போகிறது, கடைசியில் சொல்கிறேன்.

ஓய்வுக்குப் பின் ஒரு தொடக்கம்

1967-ல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு. வயது ஐம்பத்தெட்டு. நம் வளாகத்தில் ஓய்வு பெற்றவர்கள் நிறைய இருக்கிறீர்கள், அதனால் இந்த இடத்தைக் கவனித்துப் படியுங்கள். அந்த நாளோடு அவர் நின்றிருந்தால்கூட அது நிறைவான வாழ்க்கைதான். ஒரு நிறுவனத்தைத் தொடங்கி நடத்தியவர் என்ற பெயர் இருந்திருக்கும். ஆனால் இன்று அவரை எதற்காக நினைவுகூர்கிறார்களோ, அந்த வேலை இதற்குப் பிறகுதான் தொடங்கியது.

விக்ரம் சாராபாய் அவரை அகமதாபாத்திலுள்ள இயற்பியல் ஆய்வகத்துக்கு அழைத்துக்கொண்டார். ராக்கெட்டும் செயற்கைக்கோளும் ஏழை நாட்டுக்கு எதற்கு என்று பலரும் கேட்டுக்கொண்டிருந்த காலம். விவசாயிக்கும் மீனவருக்கும் பயன்பட்டால்தான் அவற்றுக்குப் பொருள் உண்டு என்று நம்பியவர் சாராபாய். வானத்திலிருந்து பூமியைப் பார்த்துப் பயிரையும் நீரையும் கணக்கெடுக்கும் கலையை இந்தியாவுக்குக் கொண்டுவரும் பொறுப்பு பிஷாரடியிடம் வந்தது.

இஸ்ரோ 1969-ல் உருவானது. நம்மிடம் அப்போது சொந்தச் செயற்கைக்கோள் எதுவும் இல்லை. ஆகவே முதல் அடியைத் தாழ்வாகப் பறந்துதான் எடுத்து வைத்தார்கள்.

தென்னைக்கு வந்த நோய்

கேரளத்துத் தென்னையில் வேர் வாடல் என்று ஒரு நோய் உண்டு. மரம் உடனே பட்டுப்போகாது. ஓலை தொய்ந்து, இலைக்கீற்றுகள் விலா எலும்பு போல உள்பக்கம் வளையும். மஞ்சளாகும், காய்ப்புக் குறைந்துகொண்டே போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே மத்திய கேரளத்தில் தலைகாட்டிய நோய் இது. கண்ணுக்கு அறிகுறி தெரியும்போது, நோய் அந்த மரத்துக்குள் குடியேறி வெகு நாளாகியிருக்கும். மரத்துக்கு மரம் ஏறிப் பார்த்துக் கண்டுபிடிப்பது நடக்கிற காரியமா? லட்சக்கணக்கான மரங்கள்.

பிஷாரடியும் அவருடைய குழுவினரும் இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் சி. தட்சிணாமூர்த்தியும் இந்த வேலையில் உடன் இருந்தார். 1970-ஐ ஒட்டி, சோவியத் நாட்டுத் தயாரிப்பான ஹெலிகாப்டரில், அமெரிக்கத் தயாரிப்பான கருவிகளைப் பொருத்திக்கொண்டு, தென்னந்தோப்புகளின் மேல் பறந்து படம் எடுத்தார்கள். அந்த இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த காலத்தில், இரண்டின் பொருளும் கேரளத்துத் தென்னைக்காக ஒன்றாகப் பறந்தது.

அவர்கள் பயன்படுத்தியது சாதாரண ஃபிலிம் அல்ல. அகச்சிவப்பு வண்ண ஃபிலிம். அது என்ன என்று கேட்பீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன்.

சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரிவது ஒரு பகுதிதான். சிவப்பைத் தாண்டி இருப்பது அகச்சிவப்பு. நல்ல ஆரோக்கியமான இலை, தன் உள்ளே உள்ள செல் அமைப்பின் காரணமாக, இந்த அகச்சிவப்பை நிறையத் திருப்பி அனுப்பும். இலை நலம் கெடத் தொடங்கியதும் அந்த அளவு மாறும். பச்சை நிறம் நம் கண்ணுக்கு அப்படியே இருந்தாலும் இது மாறிவிடலாம். அகச்சிவப்பு ஃபிலிம் அந்த ஒளியைச் சிவப்பாகக் காட்டும். ஆகவே படத்தில் நல்ல மரம் அடர் சிவப்பாகவும், நோய் கண்ட மரம் வெளிறியும் வரும். இரண்டாம் உலகப் போரில், வெட்டிய கிளைகளையும் பச்சை வண்ணத்தையும் போட்டு மறைத்த பீரங்கிகளை உயிருள்ள மரங்களிடையே கண்டுபிடிக்கப் பயன்பட்ட ஃபிலிம் இது. எதிரியைத் தேடிய கண்ணாடியைக் கழற்றி நோயாளியைத் தேட மாட்டிக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு நம்பிக்கை தந்தது. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத நிலையிலேயே பாதிக்கப்பட்ட மரங்களைப் படத்தில் பிரித்துக் காண முடிந்தது. 1971-ல் அமெரிக்காவின் ஆன் ஆர்பரில் நடந்த தொலையுணர்வு மாநாட்டின் தொகுப்பில் இந்த ஆய்வு இடம்பெற்றது. இந்தியாவில் தொலையுணர்வு எங்கே தொடங்கியது என்று எழுதுகிறவர்கள் இன்றும் அந்தத் தென்னந்தோப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. படம் நோயைக் காட்டியது, தீர்க்கவில்லை. பைட்டோபிளாஸ்மா என்ற மிக நுண்ணிய கிருமி இதற்குக் காரணம் என்பதும், பூச்சிகள் அதைப் பரப்புகின்றன என்பதும் பின்னால்தான் தெளிவாயின. இன்றுவரை முழுக் குணம் தரும் மருந்து கிடையாது. அதே வாடல் நோய் இப்போது எல்லை தாண்டி, தேனியின் கம்பம் பள்ளத்தாக்கிலும் பொள்ளாச்சி வட்டாரத்திலும் நம் விவசாயிகளை வாட்டுகிறது. பிஷாரடி பிறந்த ஊருக்கு மிக அருகில் உள்ள தோப்புகள் அவை. சட்னிக்குத் தேங்காய் வாங்கும்போது விலை ஏறியிருக்கிறதே என்று முணுமுணுக்கிறோம் அல்லவா, அதற்குப் பின்னாலுள்ள காரணங்களில் இதுவும் ஒன்று.

செஞ்சியின் மேல் ஒரு விமானம் பறந்தால்

இனி அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். அனுமதி வாங்கிய ஒரு சிறிய ஆய்வு விமானம் செஞ்சியின் மேல் பறப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையத்திடம் பீச்கிராஃப்ட் வகைச் சிறு விமானங்கள் இதற்கென்றே உண்டு. வயிற்றில் ஓட்டை போட்டு, கேமராவை நேர் கீழே பார்க்கும்படி பொருத்தியிருப்பார்கள். ஜன்னல் வழியாகச் சாய்வாக எடுத்தால் படம் அழகாக வரும். ஆனால் அளக்க உதவாது. நேர் கீழே பார்த்து எடுத்த படத்தில்தான் அளவு எடுக்கலாம்.

விமானம் உழவு மாடு மாதிரி நேர்கோட்டில் போய், திரும்பி, அடுத்த கோட்டில் வரும். ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் மேல் சுமார் 60 விழுக்காடு படிந்திருக்கும்படி எடுப்பார்கள். ஒரே இடம் இரண்டு படத்தில் சற்றே வேறு கோணத்தில் விழுவதால், நம் இரு கண்கள் போலச் சேர்த்துப் பார்த்து, மேடு பள்ளத்தைக் கணக்கிட முடியும். ஃபிலிம் காலத்துக் கேமராக்களில் வழக்கமான 152 மில்லிமீட்டர் லென்ஸோடு தரையிலிருந்து 1,520 மீட்டர் உயரத்தில் பறந்தால், படத்தில் ஒரு சென்டிமீட்டர் தரையில் 100 மீட்டர். 23 சென்டிமீட்டர் சதுரப் படம் ஒன்றில் 2.3 கிலோமீட்டர் நீள அகலம் அடங்கிவிடும். செஞ்சிக் கோட்டை முழுவதையும் ஒருசில படங்களில் பிடித்துவிடலாம்.

அகச்சிவப்பு ஃபிலிமில் அந்தப் படம் எப்படி இருக்கும்? நாம் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிய பாறைகள் சாம்பலும் நீலமுமாக. சுற்றியுள்ள நெல் வயல்கள் சிவப்பாக. தண்ணீர் உள்ள குளமும் ஏரியும் கறுப்பாக. தூர்ந்துபோன ஏரி, கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் வெளிறியோ, செடி மண்டிச் சிவப்பாகவோ வரும். எந்த ஏரியில் நீர் இருக்கிறது, எதில் இல்லை என்று ஒரு பார்வையில் சொல்லிவிடலாம். அழகைத் தவிர என்ன பயன் என்று கேட்டாயே தம்பி, இதுதான் பயன்.

ஆனால் ஒன்று. படத்தில் வெளிறிய மரம் நோயால்தான் வெளிறியதா, தண்ணீர் இல்லாமல் வாடியதா, அல்லது வேறு ரகமா என்பதை மேலிருந்து மட்டும் சொல்ல முடியாது. யாராவது கீழே இறங்கி அந்த மரத்தடிக்கு நடந்து போக வேண்டும். இந்தத் துறையில் தரைச் சரிபார்ப்பு என்பது எழுதப்படாத சட்டம். மேலே பறக்கிறவரும் கீழே நடக்கிறவரும் சேர்ந்தால்தான் படம் பேசும்.

அனந்தப்பூர், பாட்டியாலா, பிறகு வானம்

1972 முதல் 1975 வரை அகமதாபாத்தில் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் தொலையுணர்வு, செயற்கைக்கோள் வானிலைப் பிரிவின் இயக்குநராகப் பிஷாரடி இருந்தார். 1974-75-ல் ஆந்திராவின் அனந்தப்பூரிலும் பஞ்சாபின் பாட்டியாலாவிலும் விமானத்திலிருந்து அகச்சிவப்புப் படங்கள் எடுத்து, எந்த வயலில் என்ன பயிர், மண் எப்படி என்று கணக்கெடுக்கும் பெரிய சோதனை நடந்தது. ஒன்று மழைக்கு ஏங்கும் பூமி, மற்றொன்று கால்வாய்ப் பாசனத்தில் செழிக்கும் பூமி. இரண்டிலும் வேலை செய்தால்தான் நாடு முழுவதற்கும் பொருந்தும்.

இந்தச் சோதனைகளில் பழகிய கைகள்தாம் பிறகு செயற்கைக்கோளுக்குப் போயின. 1979-ல் பாஸ்கரா ஏவப்பட்டது. அதன் கேமராவுக்கு ஒரு கிலோமீட்டர் அளவுள்ள இடம் ஒரு புள்ளி. 1988 மார்ச் 17 அன்று நம் முதல் முழுமையான தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ் 1ஏ விண்ணுக்குப் போனது. அதன் கூர்மையான கேமராவுக்குச் சுமார் 36 மீட்டர் ஒரு புள்ளி. இன்று புயல் வரும்போது டிவியில் நாம் பார்க்கும் மேகப் படமும், ஏரிகளின் ஆக்கிரமிப்பை ஆராயும் வரைபடமும் அந்த வழியில் வந்தவைதான்.

1970-ல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. 1989-ல் உலக வானிலை அமைப்பின் மிக உயர்ந்த பரிசு கிடைத்தது. அப்போது அவருக்கு எண்பது வயது. 2002 செப்டம்பர் 24 அன்று, தொண்ணூற்று மூன்றாம் வயதில் காலமானார். இந்தியத் தொலையுணர்வுச் சங்கம் அவர் பெயரில் நினைவு விருது வழங்கி வருகிறது.

நூறு மணி நேரக் கணக்கு

இவ்வளவு உயரத்திலிருந்து நாட்டைப் பார்த்தவர், முதுமையில் திரும்பத் திரும்பப் பேசியது என்ன தெரியுமா? உங்கள் வீட்டுக் கூரையில் விழும் மழையைப் பற்றி.

அவர் சொன்ன கணக்கு எளிமையானது. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் நம் நாட்டின் பெரும்பாலான இடங்களில் மழை பெய்வது சுமார் நூறு மணி நேரம்தான். ஐரோப்பாவில் போல மாதக்கணக்கில் தூறிக்கொண்டிருக்கும் மழை அல்ல நம்முடையது. பெரிய பெரிய துளிகளாகக் கொட்டித் தீர்த்துவிட்டு ஓடிவிடும். மண்ணுக்குள் இறங்க அதற்கு நேரமே இருப்பதில்லை. ஆகவே மழை விழுந்த இடத்திலேயே, விழுந்த மணி நேரத்திலேயே பிடித்துக்கொள்ளாவிட்டால் மிச்சமுள்ள 8,660 மணி நேரமும் திண்டாட்டம்தான். ஊருக்கு ஊர் குளம், வீட்டுக்கு வீடு சேமிப்பு என்று அவர் வற்புறுத்தியதற்கு இதுவே காரணம்.

செஞ்சியைக் கட்டியவர்கள் இந்தக் கணக்கை எழுதி வைக்கவில்லை. ஆனால் தெரிந்து வைத்திருந்தார்கள். மொட்டைப் பாறையில் விழும் நீரெல்லாம் நொடியில் ஓடிவிடும் என்பதால் சரிவுகளின் அடியில் குளங்கள். செட்டிக்குளமும் சக்கரக்குளமும் நாம் பார்த்தவைதானே. மேலே ஊற்றுகளும் சுனைகளும். 1690-ல் தொடங்கிய முகலாயர் முற்றுகை 1698 வரை இழுத்தடித்ததற்கு உயரமான சுவர் மட்டும் காரணமாக இருக்க முடியாது. உள்ளே இருந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இருந்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டு சேர்க்கப்பட்டபோது தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சிதான். அந்தப் பெருமையில் சுவருக்கு எவ்வளவு பங்கோ, குளத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பேன்.

இப்போது நம் வளாகத்தைக் கொஞ்சம் மேலிருந்து பாருங்கள். மொட்டை மாடிகளைச் சேர்த்தால் சுமார் ஆயிரம் சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அதில் விழும் நீர் பத்தாயிரம் லிட்டர். சென்னையில் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 14 லட்சம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் சொன்னால் நூற்றுப் பத்து லாரிக்கும் மேல். முழுவதையும் பிடிக்க முடியாது, உண்மைதான். பாதியைப் பிடித்தாலும் போதாதா? கடந்த ஏப்ரலில் லாரித் தண்ணீருக்காக நம் பராமரிப்புக் கணக்கிலிருந்து போன தொகையைப் பொதுக்குழுவில் பார்த்துவிட்டு எல்லோரும் கோபப்பட்டோம். அந்த லாரிகளில் பாதி, முந்தைய நவம்பரில் நம் மாடியில் வந்து இறங்கி, குழாய் வழியாகத் தெருச் சாக்கடைக்குப் போனவை.

மழைநீர் சேகரிப்புத் தொட்டி நம்மிடம் இல்லாமல் இல்லை. 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயம் ஆனது. நம் வளாகத்திலும் நான்கு உறிஞ்சுகுழிகள் கட்டடத்தோடேயே வந்தன. வரைபடத்தில் பார்த்தால் நான்கும் இருக்கின்றன. ஆனால் படத்தில் இருப்பது போதாது, தரையில் போய்ப் பார்க்க வேண்டும் என்று பேராசிரியர் கற்றுக்கொடுத்திருக்கிறாரே. கடந்த வாரம் போய்ப் பார்த்தேன். இரண்டில் மண் விளிம்புவரை ஏறியிருக்கிறது. ஒன்றின் மூடிமேல் யாரோ பூந்தொட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். நான்காவது கார் நிறுத்தும் இடத்துக்கு அடியில் இருக்கிறது.

போர்வெல்லை இன்னும் ஆழப்படுத்தலாமா என்பது அடுத்த பொதுக்குழுவில் முதல் பொருளாக வரப்போகிறது. அதற்குமுன் இந்த நான்கு குழிகளையும் தூர்வாரி, புதுக் கூழாங்கல்லும் மணலும் போட்டு ஒரு மழைக்காலம் பார்ப்போம் என்பது என் வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். நமக்கு நாளில்லை. செப்டம்பர் கடைசி ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஏ பிளாக் வாசலில் கூடுவோம். மண்வெட்டி சங்கத்தில் இருக்கிறது. முதுகுவலி உள்ளவர்கள் காபி கொண்டுவந்தால் போதும்.

டிரோன் பையனுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். மொட்டை மாடியில் நேர்ப்பக்கங்கள் கொண்ட ஒரு கண்ணாடிக் குவளையை வைத்து, பக்கத்தில் அளவுகோல் ஒட்டித் தரப்போகிறோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை எத்தனை மில்லிமீட்டர் பெய்தது, எத்தனை மணி நேரம் பெய்தது என்று அவனும் நண்பர்களும் ஒரு நோட்டில் குறித்து வர வேண்டும். மூன்று மாதத்தில் நமக்குக் கிடைத்தது எத்தனை மணி நேரம், அதில் நாம் பிடித்தது எவ்வளவு என்பதை ஜனவரி இதழில் வெளியிடுவோம். பேராசிரியரின் நூறு மணி நேரக் கணக்கை நம் மாடியிலேயே சரிபார்த்துவிடலாம்.

சந்திப்போம், ஞாயிற்றுக்கிழமை.